கோதுமை வயலுக்கு அடியில் ரோமானிய வில்லா இருக்கிறதா என்று தோண்டாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

கேட்டவர் வேலைக்காக இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் பக்கம் குடிவந்திருப்பவர். வீட்டுக்குப் பின்னால் வயல் நடுவே போகும் பொதுப்பாதையில் தினமும் நடக்கிறார். உழுத மண்ணில் சிவப்பு ஓட்டுத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. அதற்கடியில் ரோமானிய வில்லா புதைந்திருக்கிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னாராம். அது உண்மையா என்று தோண்டாமல் உறுதி செய்ய முடியுமா, முடியும் என்றால் எப்படி என்று கேட்கிறார்.

முடியும். இப்போதெல்லாம் மண்வெட்டி வயலுக்கு வருவதற்குள் எந்த இடத்தில் சுவர், எத்தனை அறை, சுற்றுவேலி அகழி எங்கே வளைகிறது என்பதெல்லாம் தாளில் வந்துவிடுகிறது. உள்ளூர் தொல்லியல் சங்கம் ஒன்றில் பல வருடங்களாக வார இறுதிகளில் வயல் வேலை செய்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் வில்லா என்றால் என்னவென்று பார்த்துவிடலாம், ஏனென்றால் தேடுவது எதை என்பதே அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு நாம் வில்லா என்று சொல்லும் தனி வீடு அல்ல அது. ஒரு பண்ணை. நடுவில் முதலாளி வீடு, பக்கத்தில் களஞ்சியம், தொழுவம், வேலைக்காரர் குடியிருப்பு, வசதி இருந்தால் குளியல் கட்டடம், எல்லாவற்றையும் சுற்றி அகழியும் வேலியும். சில ஏக்கருக்குப் பரந்து கிடக்கும். அதனால் ஒரு சுவரைத் தேடுவதைவிட ஒரு முழு வளாகத்தின் அமைப்பைத் தேடுவதுதான் சரி. நீங்கள் இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் இவை நெருக்கமாகவே இருந்திருக்கின்றன. பிரிட்டனின் பெரிய ரோமானிய நகரங்களில் ஒன்றான கொரினியம், இன்றைய சைரன்செஸ்டர், பக்கத்தில்தான். ஆகவே ஊர்ப் பெரியவர் சொன்னதைச் சும்மா தள்ளிவிட வேண்டாம்.

முன்பெல்லாம் வில்லாக்கள் கிடைத்தது தற்செயலாகத்தான். சசெக்ஸில் பிக்னர் வில்லா 1811-ல் ஏர் கல்லில் இடித்ததால் வெளியே வந்தது. உங்கள் மாவட்டத்துச் செட்வொர்த் வில்லா 1864-ல், வேட்டைக்காவலர் ஒருவர் தொலைந்துபோன ஃபெரட்டை (முயல் பிடிக்க வளர்க்கும், கீரி போன்ற பிராணி) தேடி மண்ணைக் கிளறியபோது. சாமர்செட்டின் லோ ஹாமில் 1938-ல் ஒரு விவசாயி செத்த ஆட்டைப் புதைக்கக் குழி தோண்டினார். ஃபிஷ்பர்ன் அரண்மனை 1960-ல் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய பள்ளத்தில் அகப்பட்டது. நிறைய இடங்களில் இப்படித்தான்.

இதிலிருந்து மாறுபட்ட ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலைமை கிட்டத்தட்ட அதுவேதான். ரட்லண்ட் மாவட்டத்தில் கெட்டன் என்ற ஊர். 2020, கொரோனா முடக்கக் காலம். நில உரிமையாளரின் மகன் குடும்பத்தோடு சொந்த வயலில் நடக்கும்போது கோதுமைப் பயிருக்கு நடுவே வழக்கத்துக்கு மாறான துண்டுகளைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்து அந்த வயலின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால், பயிரில் ஒரு கட்டடத்தின் கோடுகள் சாக்பீஸால் வரைந்ததுபோல் தெளிவாகத் தெரிகின்றன. அவர் செய்த மிகச் சரியான காரியம் அடுத்தது: மாவட்டத் தொல்லியல் அலுவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியல் குழு வந்தது. அளவாகத் தோண்டிய இடத்தில் 11 மீட்டர் நீளமும் ஏறக்குறைய 7 மீட்டர் அகலமும் உள்ள மொசைக் தளம், அதாவது சிறு கல் கட்டிகளைப் பதித்துப் படம் வரைந்த தரை. விருந்தறைத் தரையாக இருந்திருக்க வேண்டும். கிரேக்கக் காவியக் கதையான ட்ரோஜன் போரில் அக்கிலீஸும் ஹெக்டரும் மோதுவது, ஹெக்டரின் உடலை அக்கிலீஸ் தேரில் கட்டி இழுப்பது, தந்தை பிரியாம் மகனின் உடலை மீட்க எடைக்கு எடை பொன் கொடுப்பது என்று மூன்று காட்சிகள். பிரிட்டனில் இந்தக் கதையோடு கிடைத்த முதல் மொசைக் இதுதான். கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. அப்புறம் வயல் முழுவதும் கருவிகளை ஓட்டிப் பார்த்தபோது களஞ்சியங்கள், வட்டக் கட்டடங்கள், குளியல் கட்டடமாக இருக்கக்கூடிய ஒன்று, சுற்றிலும் எல்லை அகழிகள் என்று முழு வளாகமும் கிடைத்தது. 2021 நவம்பரில்தான் வெளியே சொன்னார்கள். அதற்குள் சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள்.

ஒரு நடை, ஒரு படம், ஒரு தகவல். இந்த வரிசைதான் முக்கியம்.

சரி, பயிரில் எப்படிக் கோடு விழுகிறது? பூமிக்கு அடியில் கல் சுவரின் அடித்தளம் இருந்தால் அதற்கு மேலே மண் குறைவு. வேர் ஆழமாகப் போக வழியில்லை, ஈரமும் சத்தும் கிடைக்காது. மழை இல்லாத வாரங்களில் அந்த இடத்துப் பயிர் மட்டும் குட்டையாக நின்று சீக்கிரம் மஞ்சளாகிவிடும். அகழி வெட்டித் தூர்ந்த இடத்தில் நேர் எதிர்: அங்கே நல்ல மண் ஆழமாக இருப்பதால் பயிர் உயரமாக, கரும்பச்சையாக, மற்றது பழுத்த பிறகும் பச்சை விடாமல் நிற்கும். தரையில் நின்று பார்த்தால் வெறும் சோகை பிடித்த பயிர் என்றுதான் தோன்றும். மேலே இருந்து பார்த்தால் அறை அறையாகத் தெரியும். இதைப் பயிர்த்தடம் என்று சொல்லலாம். கோதுமை, பார்லியில் நன்றாக விழும், பார்லியில் இன்னும் நன்றாக. சுண்ணாம்புப் பாறை, சரளை மேல் உள்ள நிலத்தில் தெளிவு. கெட்டியான களிமண் நிலத்தில் ஈரம் தங்கிவிடும் என்பதால் பல வருடம் ஒன்றுமே தெரியாது. தெரியாததால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமும் இல்லை.

இந்தத் தடம் வருடம் முழுவதும் இருக்காது. ஜூன், ஜூலையில் சில வாரங்கள், அதுவும் வறண்ட வருடமாக இருந்தால்தான். 1976 வறட்சியை இங்குள்ள பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். சமீபத்தில் 2018-ம் 2022-ம் அப்படிப்பட்ட கோடைகள். அதனால் கூகுள் எர்த்தில் இன்றைய படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடாதீர்கள். பழைய தேதிகளின் படங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் இருக்கிறது. வறண்ட கோடைகளின் படம் உங்கள் வயலுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 2005-ல் இத்தாலியில் பார்மா பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமர் தன் ஊர்ச் சுற்றுப்புறத்தைக் கூகுள் எர்த்தில் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு வில்லா அகப்பட்டது.

கோடையில்தான் தெரியும் என்றும் இல்லை. வட பிரான்சின் சோம் பகுதியில் ரோஜர் அகாஷ் என்ற ஆய்வாளர் 1960-களிலும் 70-களிலும் குளிர்காலத்தில் சிறு விமானத்தில் பறந்தார். அங்கே வில்லாக்களின் அடித்தளம் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். ஏர் ஆழமாக இறங்கியபோது அந்த வெள்ளை மேலே கிளம்பி, ஈரமான கருமண்ணில் கோலம் போட்டதுபோல் முழு வரைபடமும் கிடந்தது. நூற்றுக்கணக்கான வில்லாக்களை இப்படிப் பதிவு செய்தார். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் ஏர் தின்றுகொண்டிருக்கும் சுவர். உழவு போவது சாதாரணமாக இருபது முப்பது சென்டிமீட்டர் ஆழம். சுவரின் மிச்சம் பல இடங்களில் அதற்கு நேர் கீழேதான். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுகிறது. உங்கள் வயலில் ஓட்டுத் துண்டு மேலே வருவதும் பெரும்பாலும் அதனால்தான்.

வயலுக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய தாள்கள் சில உண்டு. ஒவ்வொரு மாவட்டமும் தொன்மைப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறது. அதில் உங்கள் வயலில் முன்பு என்ன கிடைத்தது என்று இருக்கலாம். 1836 சட்டத்துக்குப் பிறகு பத்தில் ஒரு பங்கு வரிக்காக வரைந்த நிலப்படங்களில் வயல்களுக்கு எண் இருக்கும், கூடவே உள்ள பட்டியலில் பெயரும் இருக்கும். 'பிளாக்லேண்ட்ஸ்', அதாவது கருமண், என்று பெயர் இருந்தால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். நெடுங்காலம் மனிதர் குடியிருந்து எரித்துக் கொட்டிய மண் கறுத்துப்போகும். விமானத்திலிருந்து லேசர் விட்டு நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கும் லைடார் தரவு அரசிடம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பலகாலம் உழுது சமமாகிவிட்ட வயலில் அது பெரிதாக உதவாது. புல்வெளியிலும் காட்டிலும்தான் அதன் பலம். நிலத்தின் கிடப்பையும் பாருங்கள். தெற்கோ தென்கிழக்கோ நோக்கிய மிதமான சரிவு, பக்கத்தில் ஊற்று, எட்டும் தூரத்தில் ரோமானியச் சாலை. அந்தக் காலத்துப் பண்ணைக்காரரும் வெயிலும் தண்ணீரும் சந்தைக்கு வழியும் பார்த்துத்தான் வீடு கட்டினார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலைக்கு வருகிறேன்: உழுத வயலில் நடப்பது. உழுது, பரம்படித்து, இரண்டு மூன்று மழை பெய்த பிறகு போக வேண்டும். மழை மண்ணைக் கழுவி, துண்டுகளை மேலே பளிச்சென்று விட்டிருக்கும். பத்து அல்லது இருபது மீட்டர் இடைவெளியில் வரிசையாகக் கொடி நட்டு, ஆளுக்கு ஒரு கோட்டில் மெதுவாக நடப்போம். இருபது மீட்டருக்கு ஒரு பை. பையின் மேல் அந்த இடத்தின் எண். மாலையில் கழுவி, எண்ணி, எடை போட்டு வரைபடத்தில் குறித்தால் துண்டுகள் அடர்த்தியாக விழுந்த இடம் தனியாகத் தெரியும். கட்டடம் அதற்கு அடியிலோ சற்று மேட்டுப் பக்கத்திலோ இருக்கும்.

எந்தத் துண்டு எதைச் சொல்கிறது என்பதுதான் விஷயம். ரோமானியக் கூரை இரண்டு வகை ஓட்டால் வேய்ந்தது. ஒன்று டெகுலா: தட்டையான பெரிய ஓடு, இரண்டு நீளப் பக்கங்களிலும் விளிம்பு மடித்து உயர்த்தியிருக்கும். இரண்டு டெகுலாவின் விளிம்புகள் சேரும் இடத்தில் மேலே கவிழ்ப்பது இம்ப்ரெக்ஸ். அது நம் ஊர் நாட்டு ஓட்டின் அண்ணன், அரைக்குழாய்போல வளைந்தது. உங்கள் கையில் இருக்கும் துண்டில் எல் எழுத்துபோல் உயர்ந்த விளிம்பு இருக்கிறதா? இருந்தால் அது டெகுலா. அந்த விளிம்பு ஒன்றுதான் எனக்கு நூறு சாதாரணச் சிவப்புத் துண்டைவிடப் பெரிய சாட்சி. ஒருமுறை நவம்பர் மாதத்தில் நான் எடுத்த துண்டைக் கழுவும்போது அதில் ஒரு நாயின் காலடி இருந்தது. சூளைக்குப் போகும் முன் வெயிலில் காய வைத்த ஈர ஓட்டின் மேல் நாய் நடந்திருக்கிறது. நான்கு விரல், நடுவில் மெத்தை, ஒரு நகக் கீறல். அருங்காட்சியகங்களில் இப்படிப் பல உண்டு, ஆனாலும் குளிரில் விறைத்த கையில் அதை வைத்திருந்த அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

ஓடு இருந்தால் கட்டடம் என்று தெரியும். வில்லா என்று தெரியாது. சாதாரணக் களஞ்சியத்துக்கும் ஓடு வேய்ந்தார்கள். வசதியைக் காட்டும் துண்டுகள் வேறு. மேல்பரப்பில் சீப்பால் கீறியதுபோல் கோடுகள் உள்ள ஓடு கிடைத்தால் அது சுவருக்குள் சூடான காற்று போகப் பதித்த பெட்டிக் குழாயின் துண்டு. பூச்சு பிடிப்பதற்காகப் போட்ட கீறல் அது. தரைக்கு அடியில் நெருப்புச் சூடு ஓட்டிய அறையோ குளியலறையோ அங்கே இருந்தது என்று பொருள். விரல் நுனியளவு கல் கட்டிகள், ஓட்டை நறுக்கிய சிவப்புக் கட்டிகள் கிடைத்தால் மொசைக் தரை. இளஞ்சிவப்பாக, செங்கல் தூள் கலந்த கெட்டிச் சாந்து கிடைத்தால் அது தண்ணீர் படும் இடத்துத் தளம். நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி போட்ட சாந்தைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ள வயலில் சிப்பி ஓடு கிடந்தால் அதுவும் ஒரு குறி, ரோமானியர்கள் சிப்பியை உள்நாட்டுக்கும் கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள்.

காலத்தைச் சொல்வது பானை ஓடு. பளபளப்பான சிவப்பு மெருகு உள்ள சேமியன் பாண்டம் பெரும்பாலும் இன்றைய பிரான்ஸிலிருந்து வந்தது. இதன் மூத்த உறவான இத்தாலிய அரெட்டைன் பாண்டத்தை வைத்துத்தான் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-ல் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டுக்குக் காலம் கணித்தார். உள்ளங்கையில் அடங்கும் துண்டு இரண்டு கண்டங்களில் ஒரே வேலையைச் செய்கிறது.

முதல் வருடத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பை நிறையத் துண்டுகளை ஆசையாகப் பொறுக்கினேன், எங்கே எடுத்தேன் என்று குறிக்கவில்லை. நல்ல துண்டுகள்தான். ஆனால் வயலின் எந்த மூலை என்று தெரியாததால் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட வைக்க முடியவில்லை. அந்த இடத்திலிருந்த தகவலை நானே அழித்துவிட்டேன். அதனால்தான் உங்களிடம் இப்போதைக்கு ஒன்றையும் எடுக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

அடுத்து கருவிகள். மேக்னட்டோமீட்டர்தான் பெரும்பாலும் முதலில் வரும், வேகமாக நிறைய இடத்தைப் பார்த்துவிடும். பூமியின் காந்தப் புலம் இங்கே சுமார் 49,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). தூர்ந்த அகழி அதில் ஏற்படுத்தும் மாற்றம் சில நானோடெஸ்லாதான். மேல்மண்ணில் காந்தத்தன்மை கூடுதல் என்பதால் அது நிரம்பிய அகழி கறுப்புக் கோடாக வரும். சுண்ணாம்புக் கல் சுவர் வெளிர் கோடாக வரும். தீ எரிந்த அடுப்பு, சூளை, சூட்டறை எல்லாம் பளிச்சென்று வரும், ஏனென்றால் சுட்ட களிமண் ஆறும்போது காந்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இவ்வளவு சின்ன மாற்றத்தை அளப்பதால் கருவி தூக்குபவர் உடம்பில் இரும்பு இருக்கக்கூடாது. பெல்ட், சாவி, போன், கம்பி வைத்த உள்ளாடை, ஷூ ஓட்டை வளையம், எல்லாவற்றையும் பார்ப்போம்.

சுவர் என்றால் நான் அதிகம் நம்புவது ரெசிஸ்டிவிட்டி மீட்டரை. மண்ணுக்குள் சிறு மின்சாரம் விட்டு, போகவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. ஈரமண் மின்சாரத்தை விடும், கல் தடுக்கும். அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகள் பொருத்திய சட்டம். தூரத்தில் நட்ட இன்னும் இரண்டு கம்பிகளோடு நீளக் கேபிளால் இணைத்திருக்கும். சட்டத்தைத் தூக்கி மண்ணில் குத்த வேண்டும், 'பீப்' என்று சத்தம் வந்ததும் எடுத்து அடுத்த மீட்டரில் குத்த வேண்டும். இருபதுக்கு இருபது மீட்டர் கட்டத்துக்கு 400 குத்து. ஒருவர் குத்திக்கொண்டு போவார், இன்னொருவர் கேபிள் சிக்காமல் கூடவே வருவார். தோள் வலிக்கும். ராத்திரி எண்களைக் கம்ப்யூட்டரில் கொட்டும்போது கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறப் படம் சேரும்; நான்காவது ஐந்தாவது கட்டத்தில் ஒரு நேர்கோடு அடுத்த கட்டத்துக்குள் தொடரும், அங்கே செங்கோணமாகத் திரும்பும். அதற்குப் பிறகு யாருக்கும் தூக்கம் வராது.

ஜி.பி.ஆர். என்ற ரேடார் ஆழத்தையும் சொல்லும்: மேலிருந்து அடுக்கடுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும். சுண்ணாம்புக் கல் நிலத்தில் அற்புதமாக வேலை செய்யும், நனைந்த களிமண்ணில் குருடாகிவிடும். கையில் காசு கொஞ்சம்தான் இருந்தால் மேக்னட்டோமீட்டரால் வயல் முழுவதையும் பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் நடுக் கட்டடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

ஏமாற்றும் குறிகளும் உண்டு. வடிகால் குழாய் பதித்த நேர்கோடுகள் மேலே இருந்து பார்க்க அகழி மாதிரியே இருக்கும். பனியுகத்தில் நிலம் வெடித்து நிரம்பிய பிளவுகள் பயிரில் வலைபோலத் தெரியும். இடிந்த பழைய தொழுவம் கருவியில் வில்லாச் சுவரைப் போலவே வரும். நூறு இருநூறு வருடத்துக்கு முன் பதித்த களிமண் வடிகால் குழாயின் துண்டு நிறத்தில் ரோமானிய ஓட்டைப் போலவே இருக்கும். எருவோடு சேர்ந்து வயலுக்கு வந்த பானைத் துண்டுகள் எல்லா இடத்திலும் சீராகச் சிதறிக் கிடக்கும், ஓரிடத்தில் குவியாது. ஆகவே ஒரு குறியை நம்பி யாரும் வில்லா என்று சொல்வதில்லை. பயிர்த்தடம், துண்டுகளின் குவியல், கருவிப் படம், மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும். காலத்தை உறுதி செய்ய ஒரு சிறு குழி போதும், அதையும் தொல்லியலாளர்தான் போட வேண்டும்.

சட்டத்தில் ஒன்றிரண்டு தெரிந்திருக்க வேண்டும். பொதுப்பாதையில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு, பாதையை விட்டு வயலுக்குள் இறங்கவோ துண்டை எடுக்கவோ நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அந்த இடம் ஏற்கனவே பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக இருந்தால், 1979 சட்டப்படி அங்கே மெட்டல் டிடெக்டரோ மேலே சொன்ன கருவிகளோ ஓட்டத் தனி அனுமதி வேண்டும், நில உரிமையாளரே சம்மதித்தாலும். நினைவுச்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். இரவில் டிடெக்டரோடு வந்து நாணயத்துக்காகக் குழி பறித்துவிட்டுப் போகும் கூட்டம் இங்கே உண்டு. அவர்கள் எடுத்துப்போவது நாணயத்தை மட்டுமல்ல, அது கிடந்த அடுக்கையும் கலைத்துவிடுகிறார்கள்.

விவசாயியிடம் பேசும்போது அவர் பயத்தையும் புரிந்துகொள்ளுங்கள். வில்லா என்று எழுதிவிட்டால் உழவே நின்றுபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டனில் மொசைக்கை மறுபடி மண் போட்டு மூடி, அந்த வயலைப் புல்வெளியாக மாற்ற உரிமையாளரோடு சேர்ந்தே ஏற்பாடு செய்தார்கள். வழி இருக்கிறது, அவரை எதிரே நிறுத்தாமல் கூட வைத்துக்கொண்டால்.

உங்களுக்கு இப்போதைக்கு வேலை இவ்வளவுதான்: பாதையோரம் கிடக்கும் துண்டுகளை எடுக்காமல், பக்கத்தில் ஒரு காசு வைத்துப் படம் எடுங்கள், போனில் இடக்குறிப்பு ஆன் ஆகியிருக்கட்டும். வறண்ட வருடங்களின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாவட்டத் தொன்மைப் பதிவேட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜூன் கடைசியில் மழை இல்லாமல் இரண்டு மூன்று வாரம் போனால், மாலை வெயில் சாயும் நேரத்தில் பாதையின் மேட்டு முனையில் போய் நில்லுங்கள். பயிர் உயரம் குறையும் இடத்தில் நிழல் மாறும். விளிம்பு மடித்த துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் படத்தை எனக்கும் காட்டுங்கள்.